வெட்டி எடுத்த குரல்

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து தூறல். குடை கிளினிக்கிலேயே. நனைந்துகொண்டே ஸ்டேஷன். துவைத்த துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர நாற்றம்.

கன்டோன்மென்டில் கண் கிளினிக் ரிசப்ஷன் என்றால் உட்கார்ந்த இடத்து வேலை என்று நினைப்பு எல்லோருக்கும். இன்றைக்கு மட்டும் தமிழ், கன்னடம், தெலுங்கு, ஒரு பெரியவருக்காக உடைந்த உருது. எல்லாப் பாஷையிலும் "கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" சொல்லி வாய் வலி.

திரும்பி வந்தால் ஜெனி உள்ளறையில். காதில் ஹெட்போன், கையில் போன், ஒரே கத்தல். "லெஃப்ட்ல வரான் பாரு மச்சி! ஏ சைத்ரா, கவர் குடுடி!" சிநேகிதி சைத்ராவோடு அந்தச் சுடுகிற விளையாட்டு. விளையாடுவதை அப்படியே லைவ் வேறு போடுகிறாள், ஊர் பேர் தெரியாத யார் யாரோ பார்க்கிறார்கள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பெற்றவளுக்குக் கட்டை விரல், பார்க்கிறவனுக்கெல்லாம் வாய்.

ஆனாலும் ஒன்று. பதினெட்டு வயசுப் பெண். மற்றவர்கள் பெண் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், பைக்கில் போகிறாள் என்கிறார்கள். இவள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது. அந்த மட்டில் நிம்மதி.

ஓசூரிலிருந்து ஜெனி அப்பா ரா. போன். இந்த ஞாயிறும் வர முடியாதாம், கம்பெனியில் ஓவர்டைம். சரி என்றேன்.

நாளைக்கு: கேஸ் புக் பண்ண. ஜெனி பஸ் பாஸ். பல்லி மருந்து.


ஜூலை 10, வியாழன்

எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

காலை ரயில். பங்காரப்பேட்டையில் ஏறிய இரண்டு பெண்கள் என் பக்கத்தில். ஒருத்தி போனைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையில் டிபன் டப்பா ஒழுகுகிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன்.

ஜெனி குரல்.

"உங்க கன்னடக்காரங்களே இப்படித்தான். கூடவே இருந்துகினு பின்னாடி உட்டுட்டு ஓடிருவீங்க."

முதலில் ஜெனிதான் ரயிலில் இருக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அப்புறம் மறுபடியும் அதே வாக்கியம். மறுபடியும். முடிந்ததும் தானாகவே முதலிலிருந்து ஓடுகிறது அது, நிற்காது.

"எஷ்டு கொப்பு நோடி ஆன்ட்டி இவளிகெ," என்று அந்தப் பெண் போனை என் பக்கம் திருப்பினாள். எவ்வளவு கொழுப்பு பாருங்கள் என்று. நல்ல பெண், நெற்றியில் விபூதி, அடிக்கடி பார்க்கிற முகம். பார்த்தேன். மூலையில் வட்டத்துக்குள் என் பெண். அவள் பின்னால் கொடியில் என் மஞ்சள் நைட்டி. மேலே சிவப்பு எழுத்தில் "கன்னடத்து மண்ணில் தின்றுகொண்டு" என்று என்னவோ.

"ஹௌதா," என்றேன். அப்படியா என்று. என் பெண் என்றா சொல்வேன்?

அதற்குப் பிறகு கன்டோன்மென்ட் வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். என் முகமும் அவள் முகமும் ஒரே அச்சு என்று எல்லோரும் சொல்வார்கள். இத்தனை நாள் அது பெருமை.

சாயங்காலம் ஜெனி. நேற்றே தெரியுமாம். போனை அணைத்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

"சைத்ராதான் மம்மி ஃபர்ஸ்ட் சொன்னா, தமிழாளுங்களுக்கு வாய் மட்டும்தான்னு. நான் திருப்பிச் சொன்னேன். அவ சிரிச்சா. எப்பவும் அப்படித்தானே பேசுவோம். எவனோ என்னோடத மட்டும் கட் பண்ணிட்டான்."

உண்மைதான். இந்த ஊரில் பாஷையைச் சொல்லித் திட்டிக்கொள்வது பிரியத்தில் சேர்ந்தது. சைத்ராவும் இவளும் ஒன்றாங் கிளாஸிலிருந்து அப்படித்தான். என் கல்யாணத்தில்கூட எதிர் லைன் வீட்டுத் தெலுங்கு அண்ணன் எங்கள் சாம்பாரைத் திட்டிக்கொண்டேதான் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் அதை ரயிலில் இருந்தவளுக்கு யார் சொல்வது?


ஜூலை 11, வெள்ளி

லீவு. கிளினிக்கில் காய்ச்சல் என்று சொன்னேன். பொய்யில்லை, உடம்பு சுடுகிறது.

ஜெனி போனை வாங்கி, வீடியோவுக்குக் கீழே எழுதியிருப்பதையெல்லாம் படித்தேன். படிக்காதே என்றாள். படித்தேன்.
– பஸ் ஏற்றி அனுப்புங்கள்.
– எந்தக் காலேஜ்?
– மன்னிப்பு கேட்கும்வரை விடக்கூடாது.
– இதைவிட மோசமாக ஒன்று, பெண்ணைச் சொல்வது. அதை இங்கே எழுதமாட்டேன்.
– எந்த ஏரியா என்று யாருக்காவது தெரியுமா?

தமிழ்நாட்டிலிருந்து ஆதரவு வேறு. வீரத் தமிழச்சி என்று பட்டம், கை தூக்கிய பொம்மை. இவர்கள்தான் எனக்கு இன்னும் பயம். எரிகிற இடத்தில் எண்ணெயை ஊற்றிவிட்டு அவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். நாங்கள் இங்கேதான் காய்கறி வாங்க வேண்டும்.

ஜெனி சாப்பிடவில்லை. வாயே திறக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து எனக்கு மெசேஜ்: "தண்ணி வேணும்." எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். பேசினால் என்ன என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். அவள் குரல் அவளுக்கே ஆகாததாகிவிட்டது.

ஜெனியின் பெரியப்பா வந்தார். ரா.வின் அண்ணன், இதே லைனில் கடைசி வீடு. அவருக்குச் சர்ச் குரூப்பில் வந்திருக்கிறது.

"இன்னாமா எஸ்தர், நம்ம பொண்ண எவனோ இன்னா இன்னாவோ பேசிகினு கீறான், நாம கைய கட்டிகினு இருக்கறதா?"

"ரெண்டு நாள் பேசாம இருங்க மாமா. தானா அடங்கிடும்."

"அடங்காதும்மா. சாட்சி சொல்றதுக்கு ஆள் இல்லன்னு நெனச்சிருவான்."

காபி குடிக்காமலே போய்விட்டார்.


ஜூலை 12, சனி

பாவி மனுஷன். நல்ல மனுஷன். இரண்டும்.

இங்கே ஒருவருக்காகச் சாட்சி சொல்வதற்கு ஒரு முறை உண்டு. தங்கச் சுரங்கம் ஓடிய மைன்ஸ் காலத்துப் பழக்கம், இன்னும் போகவில்லை. அப்பா பெயர், எந்தச் சுரங்க ஷாஃப்டில் வேலை, எந்த லைன், எத்தனையாவது வீடு. அவ்வளவும் சொன்னால்தான் வார்த்தைக்கு மதிப்பு. கல்யாணத்துக்கு விசாரித்தாலும் அப்படித்தான், ஜாமீன் போட்டாலும் அப்படித்தான்.

பெரியப்பா காலையில் எங்கள் வாசலில் நின்று வீடியோ எடுத்திருக்கிறார். சலவைச் சட்டை, சீவிய தலை. எனக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை, குக்கர் விசில்.

"நான் சாமுவேல் பேசறேன். எங்கப்பா நந்திதுர்க் ஷாஃப்ட்ல ஆளுங்கள எறக்கற கேஜுக்கு மணி அடிச்சவரு. நீங்க பாத்த பொண்ணு என் தம்பி மவ ஜெனிஃபர். தப்பான பொண்ணு இல்ல. தோ பாருங்க, இதான் அவ வூடு. நந்திதுர்க் லைன்ல அஞ்சாவது, பச்சைக் கதவு, தண்ணி டாங்குக்கு நேரா. யாருக்கு சந்தேகமோ நேரா வந்து கேளுங்க. காலேஜுக்கு எட்டு மணி பஸ்ல போவுது, குனிஞ்ச தலை நிமிராது."

லைன் குரூப்பில் போட்டார். எல்லோரும் கை கூப்பி, ஆமென் போட்டு, நம்ம பொண்ணுக்காக என்று ஆளுக்கு நாலு இடத்துக்கு அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் அந்தப் பழைய வீடியோவின் பின்னால் இதையும் ஒட்டி எவனோ போட்டுவிட்டான். மேலே ஒரே வரி. வீடு கிடைத்துவிட்டது.

ஓடினேன் அவர் வீட்டுக்கு. செருப்புகூட இல்லை. சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

"வந்து கேக்கட்டுமே. பதில் சொல்றதுக்கு நான் கீறனே."

"கேக்க வரமாட்டாங்க மாமா."

அப்புறம் புரிந்தது. முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்து அழித்தார். அழித்துவிட்டேன் என்று என்னிடம் காட்டினார். அவர் போனில் மட்டும் போகிற மாதிரி அழித்திருக்கிறார். எல்லோரிடமும் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.


ஜூலை 13, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

பதினோரு மணி வாக்கில் பைக். இரண்டு பேர், ஹெல்மெட் கழற்றவில்லை. பின்னால் இருந்தவன் போனை எங்கள் வீட்டுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனான். லைன் கடைசி வரை போய்த் திரும்பி இன்னொரு தரம். ஒன்றும் சொல்லவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஜெனி பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை அவளிடம். ஆனால் துலக்கும் சத்தம் நின்றுவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பெரியப்பாவோடு போனேன். எழுதி வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். "கொஞ்ச நாள் வெளியே அனுப்பாதீங்க மேடம்." சரி சார்.

திரும்பி வரும்போது கதவுக்கு வேறு பெயிண்ட் அடித்தால் என்ன என்று யோசனை. சிரிப்பு வந்தது. பிறகு கடை திறந்திருக்கிறதா என்று நிஜமாகவே பார்த்தேன்.

ரா.விடம் பைக்கைச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து எவனையாவது அடிப்பார், அதையும் வீடியோ எடுப்பார்கள்.


ஜூலை 14, திங்கள்

வேலைக்குப் போயே ஆக வேண்டும். ஜெனிக்குத் துணைக்குப் பெரியம்மா.

ரயிலில் முக்காடு. வெயிலும் இல்லை, குளிரும் இல்லை. பக்கத்தில் இருந்தவர் பார்த்த பார்வையில் எனக்கே கூச்சம்.

மாலூர் தாண்டும்போது ஜெனி போன். வாய்விட்டுப் பேசி நாளாயிற்றே, எடுத்தேன். "ஏனம்மா, ஊட்டா ஆய்தா?" என்றேன். சாப்பிட்டாயா என்று, கன்னடத்தில். என் பெண்ணிடம். நினைத்துச் சொல்லவில்லை, நாக்கு தானாகவே அப்படிப் போயிற்று.

"பக்கத்துல யாரு மம்மி?"

"யாரும் இல்ல."

வைத்துவிட்டாள்.

கன்னடம் எனக்கு வேற்றுப் பாஷையா? சண்டையும் போட்டிருக்கிறேன், ஜெபமும் பண்ணியிருக்கிறேன் அதில். இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்து பேசினேன். அது என்னவோ அழுகை வந்துவிட்டது.

கிளினிக்கில் பாதி நாள் சொல்லிவிட்டு நேராக ராபர்ட்சன்பேட்டை, சைத்ரா வீடு. ஜெனி தன்னுடையதைப் பயத்தில் அழித்துவிட்டாள், முழு ரெக்கார்டிங் சைத்ரா போனில்தான் இருக்கிறது. முன்னே அவள் சொன்னது, பின்னே சிரித்தது, எல்லாம். அதைப் போட்டால் முடிந்தது.

சைத்ரா அம்மா கௌரம்மா. டம்ளரில் காபி, தட்டில் நிப்பட்டு. எங்களோடு எப்போதும் தமிழ்தான் பேசுவார்.

"எஸ்தர், உங்க பொண்ணு என் வீட்ல வளந்தவ. தப்பா எடுத்துக்காதீங்க. நமக்கும் பொண்ணு இருக்கு அல்லவா? இத போட்டா நாளைக்கு இவள பிடிச்சுக்குவாங்க. நம்ம பாஷைய விட்டுக்குடுத்தான்னு சொல்லுவாங்க. அவங்க அப்பாவும் ஊர்ல இல்ல."

"ஒரு தரம் மட்டும். போட்டுட்டு எடுத்துடட்டும்."

"எடுத்தா போயிடுமா? நீங்களே சொல்லுங்க."

நானாக இருந்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்தே கெஞ்சினேன். சைத்ரா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது கௌரம்மா குங்குமம் நீட்டி, பிறகு நினைவு வந்து, பூ மட்டும் கொடுத்தார், எப்போதும்போல.


ஜூலை 16, புதன்

வெயில். ஒரு வழியாகத் துணி காய்ந்தது. இன்றைக்கும் லீவு.

காலையில் சைத்ரா போட்டுவிட்டாள். அம்மாவைக் கேட்கவில்லையாம். முழுசும். அவள் கிண்டல், ஜெனி பதில், இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரிப்பது, "எழுப்பி விடுடி எரும" என்று ஆட்டத்தில் சுடப்பட்டு விழுந்த ஜெனி கத்துவது. கீழே கன்னடத்தில் ஒரு வரி: இவள் என் சிநேகிதி.

கேட்டுவிட்டு நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். ஜெனியும் சாப்பிட்டாள். ஸ்தோத்திரம் என்று வாய்விட்டுச் சொன்னேன். சைத்ராவை அப்போது நினைக்கவே இல்லை.

மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டது. ஜெனியை விட்டுவிட்டார்கள். ஒரே அடியாக விட்டுவிட்டார்கள். இப்போது சைத்ரா. சொந்த பாஷையை விற்றவள். எவ்வளவு வாங்கினாய்? அவள் ஸ்கூல் போட்டோவை எங்கிருந்தோ எடுத்து, முகத்தில் செருப்பு ஒட்டி. ராபர்ட்சன்பேட்டையில் எந்தத் தெரு என்று ஒருத்தன் கேட்க, இன்னொருத்தன் பதில் போட்டிருக்கிறான். அந்தத் தெருவேதான்.

ஜெனி ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"சைத்ரா வூட்டுக்கு. அவளும் ஆன்ட்டியும் தனியா கீறாங்க மம்மி. வெளில பைக் நிக்குதாம்."

"வேணாம்."

"எனக்காகத்தானே போட்டா."

"தெரியும். வேணாம்."

இத்தனை நாளில் அவள் என்னிடம் பேசிய பெரிய பேச்சு இதுதான். நான் எழுந்துபோய்க் கதவைப் பூட்டினேன். சாவி ஜாக்கெட்டுக்குள்.

"சாவிய குடு மம்மி."

கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை அந்த வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டு உங்கள் பெண்ணை முன்னால் நிறுத்துங்கள் என்று கேட்டவள் நான். என் வாசலில் இன்றைக்குப் பைக் இல்லை, யாருமே இல்லை. பூட்டியது நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது, வெட்கத்தைவிட பயம் அதிகமாக இருக்கிறது, அதனால் சாவி என்னிடமே இருக்கிறது.

ஜெனி ஷூவோடு கதவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன். கௌரம்மா. நின்றுவிட்டது. மறுபடியும் அடிக்கிறது.

"எடு மம்மி," என்கிறாள் ஜெனி. "எடு மம்மி."

நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.