கொசு எடுக்கும் சீட்டு

மார்ச் 1

விடிந்ததும் என் விடுதித் தோழி கொசுவிடமிருந்து செய்தி. இந்த மாதம் சீட்டில் விழுந்தது அந்தப் பண்ணைவீட்டு நாவல். எழுநூறு பக்கம்.

இருபது பழைய நாவல்களின் பெயர்களை இருவருமாக எழுதி மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டோம். அவள் கல்யாணமாகிப் போகும்போது டப்பாவை அவளிடமே கொடுத்தேன். மாதம் பிறந்ததும் கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். நான் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை அவளுக்கு அனுப்புவேன். கடைசி ஞாயிறு வரை வாயைத் திறக்கக் கூடாது, ஒருத்தியின் பேச்சு மற்றவளின் வாசிப்பைக் கெடுத்துவிடும் என்பதால். விடுதியில் ஒரே புத்தகத்தை நடுவில் வைத்துப் படித்தவர்கள் நாங்கள். அவள் பக்கம் திருப்பும் வேகத்துக்கு நான்தான் ஓட வேண்டியிருக்கும்.

பார்சல் கட்டுவதைப் பார்த்து அம்மா சொன்னாள்: "மாப்பிள்ளைங்க பேரையும் அந்த டப்பாவுல போட்டுடுடி. அப்படியாவது ஒண்ணு விழுதான்னு பாக்கலாம்."

மார்ச் 9

நான் கண் பரிசோதிக்கும் கண்ணாடிக் கடையில் இன்று ஒரு லாரி ஓட்டுநர். சுவரில் மாட்டிய எழுத்து அட்டையின் கடைசி வரி வரை கடகடவென்று ஒப்பித்தார். வலது கண்ணில் புரை இருப்பது எனக்கே தெரிகிறது. அட்டையைத் திருப்பி, பின்பக்க எழுத்துகள் தெரிய மாட்டினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"இது வேற மாதிரி இருக்கே மேடம்."

வெளி பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் போனவர் படித்ததைக் கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறார். "லைசென்ஸ் போனா சோறு போச்சும்மா" என்றார். சிரிப்பும் வந்தது, சங்கடமாகவும் இருந்தது.

மார்ச் 29

கடைசி ஞாயிறு. கொசுவும் நானும் போனில் ஒரு மணி நேரம் பேசினோம். "நீ முதல்ல சொல்லுடி" என்றாள், எப்போதும்போல. அந்த மூத்த மருமகள் கடைசிவரை யாரிடமும் தன் பக்க நியாயத்தைச் சொல்லாததுதான் நாவலின் உயிர் என்றேன்.

"அதேதான். நானும் அவளைத்தான் நினைச்சுட்டு இருந்தேன்."

வேறு ஊர், வேறு வீடு, இருந்தும் இருவருக்கும் ஒரே பாத்திரம் பிடிக்கிறது. இந்த மாதிரி ஒருத்தி இருந்தால் போதும்.

ஏப்ரல் 1

கடையில் முதலாளி ஞாயிறும் வரச் சொல்லி உயிரை எடுக்கும் நேரம் பார்த்து, சீட்டில் விழுந்திருப்பது வேலையை உதறிவிட்டுப் போகிறவளின் கதை. தற்செயலுக்கு என் மேல் ஒரு கண் இருக்கிறது.

ஏப்ரல் 19

புதிய லென்ஸ் இயந்திரத்துக்குப் பயிற்சி, கொசு இருக்கும் ஊரில். அவளிடம் சொல்லவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 23

பார்த்தேன்.

கதவைத் திறந்தது அவள் மாமியார். "ஓ, பார்சல் அனுப்புற பொண்ணா? எல்லாம் பத்திரமா இருக்கும்மா. பிரிச்சா பையன் கிழிச்சிடுவான்னு கட்டிலுக்கு அடியில வச்சிருக்கோம்." குனிந்து காட்டவும் செய்தார். என் கையெழுத்து, நான் ஒட்டிய டேப். ஒன்றுகூடப் பிரியவில்லை.

டப்பா பால்கனியில் இருந்தது. உள்ளே துணி மாட்டும் கிளிப்.

கொசு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். முகம் மாறத்தான் செய்தது.

"சீட்டெல்லாம் எங்கடி?"

"இவன் வாயில போட்டுக்கிட்டான். அள்ளிக் குப்பையில போட்டேன். எல்லாப் பேரும்தான் எனக்கு மனப்பாடமாச்சே. வாயில வந்ததைச் சொல்லுவேன்."

"அப்ப பேசுனது?"

"நீ பேசுவ. நான் கேட்பேன்." அவள் கை குழந்தையைத் தட்டிக்கொண்டே இருந்தது. "கதவைச் சாத்திக்கிட்டு பத்து நிமிஷம் உட்கார முடியலடி எனக்கு."

"சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்றது? மாசம் பூரா பேசக் கூடாதுன்னு ஒரு சட்டம். கடைசியில போன் பண்ணா புத்தகம். ஒரு நாளாவது எப்படி இருக்கேன்னு கேட்டியா?"

காபி வந்தது. குடித்தேன். சூடு தெரியவில்லை.

ஏப்ரல் 24

ஒரு சீட்டை எடுக்கக்கூட நேரமில்லை அவளுக்கு!

ஏப்ரல் 26

இன்று கடைசி ஞாயிறு. நானும் கூப்பிடவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

"அதேதான்" - எத்தனை மாதமாக இந்த ஒரு சொல்லை வைத்து என்னை ஏய்த்திருக்கிறாள். நான் பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்திருக்கிறேன், அவள் ஒப்பித்திருக்கிறாள். அட்டையைத் திருப்பிப் போட எனக்கு ஏன் தோன்றவில்லை? கண் பரிசோதிக்கிறவளாம் நான்.

எப்படி இருக்கேன்னு கேட்டியாவாம். கேட்டிருப்பேன். போனை எடுத்ததும் கேட்பதுதானே முதல் கேள்வி? கேட்டிருப்பேனா? நினைவில்லை. அது என்ன அவ்வளவு பெரிய குற்றமா? பொய் சொன்னது அவள், குற்றவாளிக் கூண்டில் நானா?

அம்மா கேட்டாள்: "கொசு எப்படி இருக்கா? குழந்தை யாரு ஜாடை?"

நான் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மே 1

செய்தி வந்தது. கூடவே ஒரு புகைப்படம். அதே டப்பா, புதிதாக மடித்த சீட்டுகள், ஒன்றைப் பிடித்திருக்கும் குழந்தையின் கை. "இந்தத் தடவை நிஜமா எடுத்தது. இவன்தான் எடுத்தான். இதைப் படிக்கிறேன்டி. மெதுவாத்தான் படிப்பேன்." கீழே புத்தகத்தின் பெயர். இருபதில் நான் இதுவரை படித்தே இராத ஒன்று.

'எப்படி இருக்கே' என்று தட்டினேன். கேட்கச் சொல்லிக் கேட்பது கேள்வியா? அழித்தேன்.

"அது நான் முன்னாடியே படிச்சாச்சு" என்று அனுப்பினேன்.

மாலை புத்தகக் கடைக்குப் போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டேன். கடைக்காரர் வழக்கம்போல் இரண்டு பிரதி எடுத்து வைத்தார். ஒன்றை அவர் பக்கம் தள்ளினேன்.

"தோழிக்கு வேணாமா?"

"அவ படிச்சிட்டா."