விசில் ஊதி வீங்கிய கன்னம்

கோவில்பட்டி
9-6-2002

அன்பு மகன் லிங்கராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தங்கச்சியும் நல்ல சுகம். அப்பாவும் சுகம்தான், ஆனால் அவர் சுகமான கதையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே பூனாவில் உன் சுகத்துக்கும் உன் கடைவாய்ப் பல்லின் சுகத்துக்கும் பதில் போடு. பல் வலி என்று நீ போனில் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன், இல்லாவிட்டால் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்பது அப்பா உத்தரவு.

போன மாதக் கடைசியில் அப்பாவுக்குக் கீழ்க் கடைவாயில் ஞானப்பல் படுத்தியது. ஐம்பத்தேழு வயதில் எதுக்கு ஞானம் என்று கேட்டேன், அவருக்குப் பதில் சொல்ல வாய் திறக்கவில்லை, வீடு இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. பல் படுக்கைவசமாக முளைத்திருந்ததாம், டாக்டர் மெஷினால் குடைந்து துண்டு துண்டாக எடுத்துத் தையல் போட்டார். வேகமாகத் துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, கொஞ்ச நாளைக்கு எதையும் ஊதவே கூடாது என்றார். பி.டி. வாத்தியாரிடம் ஊதாதே என்றால் அவர் என்ன செய்வார், வீட்டுக்கு வந்ததும் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றி என் கையில் தந்து, நானே கேட்டாலும் குடுத்திராத என்றார். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் ஹாக்கி டோர்னமெண்ட்டில் அரையிறுதி. தூத்துக்குடி அம்பயர் வந்து சேரவில்லை என்று கமிட்டிக்காரர் பூவனலிங்கம் அண்ணாச்சி வாசலில் வந்து நின்று, ஸார் வரலைன்னா ஆட்டமே நடக்காதுல்லா என்றார். அப்பா முடியாது என்றுதான் சொன்னார். சொல்லி அனுப்பிவிட்டு, வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் ரிட்டயர், அதற்கப்புறம் யார் கூப்பிடப் போகிறார்கள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நானே முந்தியை அவிழ்த்து, பீரோவைத் திறந்து விசிலை எடுத்துக் கொடுத்தேன், மெல்லமா ஊதுங்க என்று வேறு சொன்னேன். மெல்ல ஊதினால் யாருக்குக் கேட்கும், அந்தப் புத்தி எனக்கு அப்போது இல்லை.

பாதி ஆட்டத்திலேயே வலது கன்னம் உப்பிக் கண் மூடிவிட்டதாம், ஆனாலும் முழு ஆட்டத்தையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். கழுத்து வரை வீக்கம், தொட்டால் தோலுக்கடியில் அரிசிப் பொரியை நசுக்குகிற மாதிரி நொறுநொறு என்றது. அக்கம்பக்கத்தில் மருந்து சேரவில்லை என்றார்கள், பூரான் கடி என்றார்கள், நான் பத்துப் போட மஞ்சளை அரைத்தே விட்டேன். அழுத்திப் பார்த்ததும் பல் டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. ஊதின காற்று பல் எடுத்த குழி வழியாகத் தோலுக்கடியில் இறங்கியிருக்கிறது, இதை நானே புத்தகத்தில்தான் படித்திருக்கிறேம்மா, நெஞ்சுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று திருநெல்வேலிக்கு அனுப்பினார். கயத்தாறு தாண்டுகிறவரை அவர் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன், நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும். ஸ்கேனில் காற்று கழுத்தோடு நின்றிருந்தது. மூன்று நாள் படுக்க வைத்து ஊசி போட்டார்கள், காற்று தானாக வற்றும் என்றார்கள், வற்றியும் விட்டது. இப்போது தும்மினால்கூட வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும், தெருவுக்கே கேட்கிறது.

அங்கே பெரிய டாக்டர் கோபமாக, விசிலை எடுத்துக் கொடுத்த புத்திசாலி யார் என்று கேட்டார். நான் வாயெடுக்கும் முன்னால் அப்பா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது ஸார், நானே பீரோவத் தொறந்து எடுத்துட்டேன் என்றார். சாவி என் முந்தியில் இருக்கிறது. சொந்த மகன் என்றும் பாராமல் உனக்கே மஞ்சள் கார்டு காட்டி வெளியே உட்கார வைத்த மனுஷர், நடந்ததை மாற்றிச் சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வராந்தாவில் போய் அழுதுவிட்டு வந்தேன்.

நீ பல்லைத் தள்ளிப்போடாமல் நல்ல டாக்டரிடம் காட்டு, எடுத்தால் அவர் சொன்னபடி இரு. செண்பகவல்லி அம்மன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள். முக்கியமாக, போனில் அப்பாவிடம் விசில் யார் கொடுத்தது என்று கேட்டுவிடாதே. மறுபடியும் அதையேதான் சொல்லுவார், எனக்குத் தாங்காது.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வேலுத்தாய்