அரிப்பு போச்சா?

தாராவி
3.2.2025

சூசைமாணிக்கத்துக்குப் பூலோகம் சொல்ல, மருமகள் மாலதி எழுதுவது.

கொரோனாவில் சந்துகளைத் தகரம் வைத்து அடைத்தார்களே, அதற்கு அடுத்த வருஷம். இரண்டு ஊசி போட்டவனுக்குத்தான் லோக்கல் ரயில் பாஸ் என்று ஸ்டேஷனில் தள்ளுமுள்ளு. அந்த மழையில்தான் நீர் களிம்பு டப்பாவோடு எங்கள் தோல் பட்டறைக்கு வந்தீர். சாயம் பட்டு அரித்துக்கிடந்த நாலு பேர் பூசினோம். எனக்கு எழுத்துத் தெரியாது, மறதியும் கிடையாது.

நேற்று உம்ம மகன் சுபின் எங்கள் சந்தில் நின்று, "பூலோகம் மாமாவுக்கே சரியாப் போச்சு, நீங்களும் போட்டுப் பாருங்க"ன்னு அந்தக் களிம்புக்கு ஆள் சேர்க்கிறான். என் பேரைச் சொல்லி யார் தோலிலும் அதைத் தடவக்கூடாது. அவனைக் கூப்பிட்டுக்கொள்ளும். போன் போட்டால் நீர் எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

ரேகை: பூலோகம்

கோபர்கைரனே
9.2.2025

அன்புள்ள பூலோகம் அண்ணாச்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உங்கள் கடிதம் மனதைப் புண்படுத்திவிட்டது. அன்று உங்கள் கையைப் பிடித்துப் பார்த்து, "அரிப்பு போச்சா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "போச்சு" என்றீர்கள். நாலு பேரும் அதையே சொன்னீர்கள். இப்போது மாற்றிப் பேசலாமா?

அதே மருந்தைத்தான் சுபின் டியூபில் அடைத்திருக்கிறான். பத்துப் பேர் பூசி நல்லது என்றால் கடைக்குப் போய்விடும். சந்தில் உங்கள் வார்த்தைக்குத்தான் மதிப்பு. நாலு பேரில் மிச்சம் நீங்கள் ஒருவர்தானே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன். கூட நின்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

அன்புடன்,
சூசைமாணிக்கம்

தாராவி
13.2.2025

சூசைமாணிக்கத்துக்கு,

நான் ஒன்றும் மாற்றிப் பேசவில்லை. அரிப்பு போச்சான்னு கேட்டீர், போச்சுன்னோம். எரியுதான்னு கேட்டீரா? எரிகிற இடத்தில் அரிப்பு எங்கே நிற்கும்? "எரியுதுவே"ன்னு பேச்சிராஜா வாயைத் திறந்தான். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்"னு அடக்கினீர். ஹமீது கை உரிந்து, ரெண்டு மாசம் பெண்டாட்டி ஊட்டித்தான் சோறு தின்றான். பிறகு அந்த ரெண்டு பேரில் ஒருத்தன் நெஞ்சுவலியில் போனான், ஒருத்தன் காய்ச்சலில் போனான். அந்தச் சாவுகளை உம்ம தலையில் கட்டவில்லை. தோலை மட்டும்தான் சொல்கிறேன்.

வீடுவீடாகச் சொல்லிவிட்டேன். சுபின் டியூபை இந்தச் சந்தில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நீர் வந்தால் டீ கூடக் கிடைக்காது.

மிச்சம் நான் ஒருத்தன் என்று எழுதியிருக்கிறீர். எண்ணத் தெரியாதவன் நானா, நீரா? நாலாவது ஆள், பட்டறையில் எங்களோடு தோல் காயப்போட்டவள். கழுத்தில் பூசு என்று நீரே டப்பா கொடுத்தவள். வெந்த கழுத்தை மாதா கோயிலில் எல்லாருக்கும் காட்டினாள் என்று நீர் பேச்சை நிறுத்தினவள். வடாலாவில் முந்தானையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், உம்ம கூடப்பிறந்த தங்கச்சி தெரசம்மாள்.