இரண்டு பக்கமும் எதிர்க்காற்று

இன்று கைதடிப் பாலத்தை பஸ்ஸில் கடந்தபோது யன்னல் வழியே கடல்நீரேரியின் சேற்று மணம் வந்தது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. ஒரு பெண் குனிந்தபடி சைக்கிள் மிதித்துக்கொண்டு போனாள். உன்னை நினைத்தேன். அழவில்லை, அழுத காலம் போய்விட்டது.

கோப்பாயிலிருந்து கைதடிக் கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்கு வேலைக்கு நாம் இருவரும் சைக்கிளில் போய்வந்த வருடங்கள் கொஞ்சமல்ல. கந்தோரில் பக்கத்துப் பக்கத்து மேசைகள். சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் இருவருக்கும் முன்னும் பின்னுமாகத்தான் வந்தது. நான் ஒளித்து லட்டு தின்பவள். நீ அப்படியில்லை. குரக்கன் பிட்டு, சீனியில்லாத தேத்தண்ணி, நேரத்துக்கு மருந்துக் குளிசை. யாருக்காவது பிறந்தநாள் கேக் வெட்டினால் உன் துண்டும் எனக்குத்தான். "சீனி என்ரை சொல்லுக் கேக்கும்" என்பாய். பெருமைதான், ஆனால் பொய்யில்லை.

ஒரு மார்கழியில் நீ பின்தங்கத் தொடங்கினாய். பாலத்து நடுவில் இறங்கிச் சைக்கிளை உருட்டுவாய். கேட்டால், எதிர்க்காற்று என்பாய். காலையில் அது உண்மை. வாடை முகத்தில்தான் அடிக்கும். மாலையில் அதே காற்று முதுகில் தள்ளிக்கொண்டு வரவேண்டும். அப்போதும் இறங்கி உருட்டினாய், அப்போதும் எதிர்க்காற்று என்றாய். உனக்கென்று தனியாக ஒரு காற்று அடிக்கிறதோ என்று பகிடி பண்ணினேன். நீ சிரித்தாய், பதில் சொல்ல மூச்சு இருக்கவில்லை. மறுநாள் கந்தோரில் நீ செருப்பைக் கழற்றியபோது, அதன் வார் வீங்கிய காலில் பள்ளமாகப் பதிந்திருந்ததைக் கண்டேன். பகிடியை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன்.

"நெஞ்சு நோகேல்லை. பிறகென்ன இருதயம்?" என்றாய்.

நான் இருதயம் என்று சொல்லவேயில்லை. நீயாகத்தான் சொன்னாய். உனக்குப் பயம் பிடித்துக் கனகாலம் என்று அப்போதுதான் விளங்கியது.

இழுத்துக்கொண்டுதான் போனேன். ஸ்கான் எடுத்த டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். நெடுநாள் சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சுநோவே இல்லாமல் இப்படி வரலாமாம். உன் இருதயம் நன்றாகத்தான் அடிக்கிறது. தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் முடியவில்லை, இறுகிவிட்டது. அதனால்தான் களைப்பு, அதனால்தான் காலில் நீர். நீ அழுவாய் என்று பார்த்தேன். உனக்குக் கோபம்தான் வந்தது. மோதகத்தைக்கூட வாயில் வைக்காதவளுக்கா என்று அவரோடு வழக்காடினாய். கட்டுப்பாடாக இருந்தபடியால்தான் இவ்வளவு காலம் தள்ளியிருக்கிறது, களைக்கத் தொடங்கியதுமே வந்திருக்கலாம் என்றார் அவர். உப்பையும் குறைக்கச் சொன்னதும் என் பக்கம் திரும்பினாய்.

"சீனியை விட்டன். இனி உப்பையும் விட்டால் நான் என்னத்தையடி தின்னுறது?"

டொக்டரும் சிரித்துவிட்டார்.

மருந்தில் கால் வற்றியது. சைக்கிளை விட்டு பஸ்ஸில் வேலைக்கு வந்தாய். உப்புக் குறைத்த ஒடியற்கூழைக் குடித்து முகம் சுளித்தாய். ஆனாலும் அடுத்த மாரியை நீ தாண்டவில்லை. முந்தியே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போலக் கதைப்பவர்களோடு நான் கதைப்பதில்லை.

போன கிழமை மகளோடு கீரிமலைக்குப் போனேன். பெண்கள் கேணியில் குளித்துவிட்டுப் படியேறும்போது பாதியில் நின்றுவிட்டேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். வெயிலுக்காக்கும் அம்மா என்றாள் மகள். சாட்டு ஒன்றை எடுத்துக் கையில் தந்தது போலிருந்தது. ஓம் என்று தலையாட்டினால் விஷயம் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய்ச் சமைக்கலாம்.

"வெயிலில்லைப் பிள்ளை. எனக்குக் களைக்குது. நாளைக்கு என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ."

மகளின் முகம் வெளுத்துப்போயிற்று. அவளைத் தேற்றாமல் நான் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. களைக்குது என்பது ஒரே ஒரு சொல். வாயைத் திறந்தால் வந்துவிடுகிறது. அதை ஏன் நீ எனக்குச் சொல்லவில்லை, எடி?