தேர்ப்பவனியில் வந்த சிரிப்பு

காக்ஸ் டவுன், பெங்களூர்
14-9-1936

அன்பு மகள் பிரிஜெட்டுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதா கிருபையால் நானும் உன் அம்மாவும் நலமாயிருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கவேண்டும். ஒவ்வொரு காகிதத்திலும் அப்பா முகம் எப்படி என்று கேட்கிறாய், நான் மழுப்புகிறேன். முகவாதம் வந்து இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கன்னத்தில் பாட்டரி கரண்ட் பிடித்தார்கள், அம்மா தினமும் எண்ணெய் தடவி நீவிவிட்டாள், தொங்கிய வலது வாயைப் பிளாஸ்திரி போட்டுக் காதுப்பக்கம் இழுத்து ஒட்டினோம், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பல்லைக் காட்டிப் பழகினேன். கண் மூட வந்தது, காபி ஒழுகுவது நின்றது. வாயோரம் மட்டும் அசையவில்லை. கார்னெட் வாத்தியத்தை ஊத உதட்டில் வைத்தால் காற்றுப் பக்கவாட்டில் புஸ்ஸென்று போய்விடும்.

கோவில் பேண்டில் என் இடத்தில் இப்போது ஓஸ்வால்ட் நிற்கிறான், பதினாறு வருஷம் எனக்குப் பின்னால் இரண்டாவது கார்னெட் வாசித்தவன். அவன்மேல் எனக்குப் பொறாமை, மகளே, ஒளிக்காமல் சொல்கிறேன். அவன் நன்றாக வாசித்த நாளில் எனக்குச் சோறு இறங்காது. பூசையில் நாவில் நன்மை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன செவ்வாய் மாதா திருநாள். தேர் கோவில் வாசலுக்குத் திரும்பும் இடத்தில் முதல் கார்னெட் தனியாகப் பிடிக்கவேண்டிய உச்ச சுரம் ஒன்று உண்டு. ஓஸ்வால்ட் அதில் பிசகிவிட்டான், வாத்து கத்தியதுபோல் ஆயிற்று. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தெருவிலேயே மண்டியிட்டாள். ரெண்டு பக்கமும் சிரிக்கிறீங்களே, ரெண்டு பக்கமும் சிரிக்கிறீங்களே என்று அழுதாள். தொட்டுப் பார்த்தேன், வலது ஓரமும் ஏறியிருந்தது. எல்லோரும் கூடி மாதா செய்த புதுமை, பெரிய அற்புதம் என்றார்கள். நரம்பு மெல்லத் திரும்புகிறது, அவசரப்படாமல் பழகினால் ஊதலாம் என்கிறார் டாக்டர்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு முதலில் வந்து என் கையைப் பிடித்தவன் ஓஸ்வால்ட். அண்ணே, என் சுரம் போனா போவுது, உங்க வாய் நேராச்சே, கிறிஸ்மஸுக்கு நீங்க முன்னால நில்லுங்க, நான் பின்னால போயிடறேன் என்றான். இப்போது அவனுடைய அந்த மனசுமேலும் எனக்குப் பொறாமையாயிருக்கிறது. எதற்குச் சிரித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வருகிற ஞாயிறு அம்மா நன்றிப் பூசைக்குக் கொடுத்திருக்கிறாள், நான் ஓஸ்வால்ட் பக்கத்தில் நிற்கவேண்டுமாம்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. கொசுவலை இல்லாமல் படுக்காதே. அம்மாவுக்கு எழுதும்போது புதுமை என்றே எழுது. ஓஸ்வால்டிடம் உண்மையைச் சொல்லட்டுமா என்று உன்னைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். உன் பதில் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது, எனக்குத் தெரியும்.

உன் அப்பா,
ச. மதலைமுத்து