வால்வு மூடியைத் தொட்டது யார்

7, திங்கள்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. அஞ்சுகிராமம் டீச்சரின் கார் ஷெட்டுக்கு வந்தது. ஏசி குளிரவில்லை. வெள்ளிக்கிழமை கணவரைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போன தடவை வழியிலேயே சூட்டில் மயங்கிவிட்டாராம்.
"குளிரு நிக்கணும், கேட்டேளா. அவரு தாங்க மாட்டாரு."
கண்டன்சர் கழுவினேன். பில்டர் புதுசு. பெல்ட் சரி. குழாயில் உள்ள காற்றை உறிஞ்ச வேக்குவம் அரை மணி நேரம். பானட்டில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பார்த்துக் கேஸ் 480 கிராம் ஏற்றினேன். சோதனை நாளை.

8, செவ்வாய்
நேற்று கேஸ் ஏற்றிவிட்டு நான் இறுக்கி வைத்த வால்வு மூடி லூசாக இருக்கிறது. மேலே புது எண்ணெய்க் கறை. எனக்கு முன்னால் வந்தவன் ஜஸ்டின் மட்டும். பதினாறு வருடக் கூட்டாளி.
"நீயா தொட்ட?"
"நான் எதுக்குத் தொடணும் மக்கா?"
முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மத்தியானம் ஷெட்டுக்குப் பின்னால் அவன் போனில் பேசியது காதில் விழுந்தது: "அவனுக்குத் தெரியாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."
நாகர்கோவிலில் தனிக்கடை போடப் பார்க்கிறானோ? என் பேரைக் கெடுத்துவிட்டா? சோதனையைத் தள்ளிவைத்தேன். மறுபடி தொட்டால் தெரிய மூடியில் சாக்பீஸ் கோடு.

9, புதன்
ஆறரைக்கே போய்ப் பின்வாசலில் நின்றேன். ஜஸ்டின் கேஸை முழுசாக வெளியே எடுத்துத் திரும்ப எடை போட்டு ஏற்றுகிறான். சட்டையைப் பிடித்தேன்.
"ஏலே, விடு. நீ எவ்வளவு ஏத்துன?"
"நானூத்தெம்பது. ஸ்டிக்கர்ல உள்ளது."
"நானூத்து முப்பதாக்கும் மக்கா."
உற்றுப் பார்த்தேன். எட்டுதான் தெரிந்தது. ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். மூன்று. அதிகம் ஏற்றினாலும் குளிராது.
எனக்குத் தெரியாமல் அவன் இப்படிச் சரிசெய்யும் நாலாவது வண்டியாம்; நேற்று மூடியைத் திறந்ததும் நான் வந்துவிட்டேனாம். போனில் பேசியது என் மனைவி மேரியிடம். கண்ணை டாக்டரிடம் காட்ட நான் சம்மதிக்க மாட்டேன் என்று அவள்தான் அழுதிருக்கிறாள்.
"எங்கிட்டயே சொல்லப்பிடாதா?"
"சொன்னா நீ ஸ்பேனரக் கீழ வச்சிருவ. ஒன்னை எனக்குத் தெரியாதா?"
நான் பிடித்ததில் அறுந்த சட்டைப் பித்தானைத் தேடிக் கொடுத்தேன். வேறென்ன செய்ய.

10, வியாழன்
சோதனை. வண்டி நிழலில். கண்ணாடி ஏற்றி, ப்ளோயர் முழுசு, எஞ்சின் 1500 ஆர்பிஎம். ஏசி காற்று வரும் நடு வென்ட்டில் தெர்மாமீட்டர். ஜஸ்டின் வாசித்தான், நான் எழுதினேன். ஏழு டிகிரி.
நிஜமாகவே ஏழா? அவன் டீ வாங்கப் போனதும் வென்ட்டில் கையை வைத்தேன். விரல் விறைத்தது. வெட்கமாக இருந்தது.
டீச்சர் கணவரோடு வந்து, "நீங்கதான செய்தது?" என்றார். ஜஸ்டின் தலையாட்டப் போனான்.
"நான் தப்பா ஏத்தினேன் டீச்சர். சரியாக்குனது அவன்."
டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டார். அவர் கணவர் அதற்குள் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

11, வெள்ளி
மழைச்சாரல். கண் டாக்டர். டோக்கன் 14. ஜஸ்டினும் கூட வந்தான். எழுத்துப் போர்டில் மூன்றாவது வரிக்குக் கீழே படிக்க முடியவில்லை. பின்னாலிருந்து ஜஸ்டின் மெதுவாக எழுத்தைச் சொல்கிறான்.
"சொல்லித் தராதலே" என்றேன்.