ஈரக் கார்ப்பெட்டும் பச்சைக் கட்டங்களும்

மௌலா அலி, ஹைதராபாத்
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள வர்ஷினிக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடுப்பும் நலம், அதைத்தான் நீ முதலில் கேட்பாய் என்று தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் ஜலதோஷம் பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினப்படி வேண்டுதல். மாடியில் குடியிருக்கும் நஸ்ரின் ஆபீஸ் வேலையாக உங்கள் கால்கரிக்கே வருகிறாள், பருப்புப் பொடியோடு இந்தக் கடிதத்தையும் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லாமல் எழுதுவானேன் என்று கேட்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ கத்த ஆரம்பிப்பாய், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லாதே என்று கையை ஆட்டுவார். கடிதத்தில் இரண்டு பேரும் குறுக்கே வர முடியாது பார்.

கொஞ்ச நாளாக வீடியோ காலில் ஏன் சமையலறையிலேயே உட்கார்ந்து பேசுகிறீர்கள் என்று நீ கேட்டாய், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று அப்பா புளுகினார். உண்மை என்னவென்றால் ஹால் முழுக்கத் தண்ணீர். அப்பா ட்யூப்லைட் மாற்றப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்தபோது, இனி அந்த வீட்டில் இன்னும் ஒன்று நடந்தால் கோயம்புத்தூரில் பெரியவர்களுக்கான ஃபிளாட்டை புக் பண்ணிவிடுவேன், நீங்கள் தனியாக இருந்தது போதும் என்று சொன்னாயே, அந்தப் பயத்தில்தான் உன்னிடம் மறைத்தோம். இப்போதும் புக் பண்ணுவதாக இருந்தால் பண்ணிக்கொள், ஆனால் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பண்ணு.

நடந்தது இதுதான். சிகந்திராபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் காலில் சில்லென்று தண்ணீர். ஹால் மூலையில் இருக்கும் வாஷ்பேசினுக்கு அடியில் அந்த வளைகிற குழாய் விண்டுபோயிருந்தது. இதற்காகவே பாலாநகர் ஃபாக்டரியிலிருந்து ரிடையரான கையோடு உன் அப்பா ஒரு அலாரம் செய்து பேசினுக்கு அடியில் வைத்திருந்தாரே, தண்ணீர் பட்டால் தெருவே எழுந்துவிடும் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவாரே, அது ஏன் கத்தவில்லை தெரியுமா? கிரிக்கெட் பார்க்கும்போது டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோய், அலாரத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாராம். நான் அந்த ரிமோட்டை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். அன்றைக்கு முழுவதும் மனுஷர் பூனையாகத்தான் இருந்தார்.

தரையைத் துடைத்துவிட்டோம், அது பெரிய விஷயமில்லை. கார்ப்பெட்தான் தலைவலி. நாம்பள்ளி எக்ஸிபிஷனில் காஷ்மீர்க் கடையில் வாங்கிய அந்தச் சிவப்புக் கம்பளி கார்ப்பெட், வந்த தண்ணீரில் பாதியை அதுவே குடித்துவிட்டு அசையாமல் கிடந்தது. ஃபேனை வேகமாக வைத்தால் போதும் என்றார் அப்பா. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் அப்படியே ஈரம் நிற்கும், இரண்டு நாளில் வீடே நாறும் என்றேன். பழைய துண்டு, வேஷ்டி எல்லாவற்றையும் மேலே விரித்து இரண்டு பேருமாக மிதித்தோம். அப்பா முன்னால், நான் பின்னால், ஹாலைச் சுற்றிச் சுற்றி. மிதித்துப் பிழிந்து மிதித்துப் பிழிந்து எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, கல்யாணத்தன்றுகூட நாங்கள் இத்தனை சுற்று வரவில்லை. அதற்குப் பிறகு அந்த இடுப்போடு அப்பா கார்ப்பெட்டைத் தூக்கப் போனார், நான் கார்ப்பெட் மேலேயே ஏறி நின்றுகொண்டேன், தூக்கினால் என்னையும் சேர்த்துத் தூக்குங்கள் என்று. அந்தச் சத்தத்தில் நஸ்ரின் இறங்கி வந்துவிட்டாள். அவள் திருநெல்வேலிக்காரி, கோபம் வந்தால் பேச்சு இன்னும் இனிக்கும். என்ன மாமி, மாடியில ஆளு இருக்கது மறந்துபோச்சா, ஒரு சத்தம் குடுத்தா என்ன, நாங்க என்ன வேத்து ஆளா என்று பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். அவளும் அவள் கணவரும் சேர்ந்து வாசல் போர்டிகோவுக்கு இழுத்துப்போய், பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதன் மேல் குப்புற விரித்துக் கொடுத்தார்கள்.

மழைக்காலம் வேறு. வெயில் வந்தால் மொட்டை மாடிக்கு, மேகம் வந்தால் போர்டிகோவுக்கு என்று நஸ்ரின் கணவர் பாவம் அலைந்தார். மேலே ஒரு ஃபேன், நாற்காலிக்கு அடியில் ஒரு ஃபேன். போகிறவர் வருகிறவரெல்லாம் யோசனை சொன்னார்கள். இஸ்திரிக்காரர் வெளியே நக்கோ அம்மா, நக்கோ, போடவே வேண்டாம் என்று வானத்தைக் காட்டினார். எதிர்வீட்டு பத்ரிநாராயணன், நனைந்த செல்போனை அரிசியில் போடுவதில்லையா, அதுபோல இதன் மேல் அரிசியைக் கொட்டுங்கள் என்றார். எலக்ட்ரானிக்ஸ் படித்தவனிடம் வந்து பேசுகிற பேச்சா என்று அப்பா சிரித்தார், சாயங்காலம் நைசாக வந்து வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு கரண்ட் பார்க்கிற தன் பழைய மீட்டரை எடுத்து, இரண்டு ஊசியை கார்ப்பெட்டில் குத்தி, இன்னும் ஈரம் என்று தினமும் அறிக்கை விட்டார். நான் கன்னத்தை வைத்துப் பார்த்து அதையே சொல்வேன். கடைசியில் மீட்டரும் என் கன்னமும் ஒரே நாளில் காய்ந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டன. வாடை போக ஆப்பசோடாவைத் தூவித் தட்டி, உனக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு தலைக்குக் காட்டுவேனே, அதேபோல சாம்பிராணியும் போட்டேன். நிறம்கூட இறங்கவில்லை.

ஆனால் வர்ஷி, அந்த கார்ப்பெட்டை நாங்கள் ஹாலில் திரும்பப் போடவில்லை. அதை எடுத்த இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? இரண்டாம் வகுப்பு லீவில், வெளியே வெயில் சுடுகிறது என்று, கேட்டுக்கு அடித்த பச்சைப் பெயிண்டில் மிச்சத்தை எடுத்து ஷாபாத் கல் தரையில் நீ போட்ட பாண்டிக் கட்டங்கள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகாமல், வருகிறவர்கள் பார்வையில் படக்கூடாது என்றுதானே அந்த வருஷம் கார்ப்பெட்டே வாங்கினோம்! இத்தனை வருஷம் மூடிக் கிடந்ததில் பெயிண்ட் புதிதாக இருக்கிறது, ஒரு கட்டம் மட்டும் கோணல், அதுவும் அப்படியே. பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அப்பா கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். நஸ்ரினின் சின்னப்பெண் ஆஃப்ரா ஓடி வந்து பார்த்துவிட்டு, தொக்குடு பில்லா, தொக்குடு பில்லா என்று பாண்டியின் தெலுங்குப் பெயரைக் கூவிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கேதான். கோட்டை மிதித்தாளா இல்லையா என்று தீர்ப்பு சொல்லப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் உன் அப்பா. நீ போன பிறகு இந்த ஹாலில் இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. நஸ்ரின் திரும்பி வரும் வரை சாயங்காலங்களில் ஆஃப்ரா எங்கள் பொறுப்பு. தனியாக இருக்கிறோம் என்று நீ நினைக்கிறாய், எனக்கு உட்காரவே நேரமில்லை. கார்ப்பெட் இப்போது படுக்கையறையில், அப்பா கட்டிலிலிருந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது, வழுக்காது.

உன் வாஷிங் மெஷின் குழாயை ஒருமுறை குனிந்து பார். ஈரத் தலையோடு வெளியே போகாதே. பொடியை ஃபிரிட்ஜில் வைக்காதே, கட்டி தட்டும். இங்கே அலாரத்துக்குத் தனி பேட்டரி வாங்கியாகிவிட்டது, ரிமோட்டுக்கும்தான். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று ஒற்றுமையாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். டிசம்பரில் கட்டாயம் வா. கோயம்புத்தூர் பேச்சை அப்போது பேசலாம், ஆனால் ஒரு நிபந்தனை. செருப்பைக் கழற்றிவிட்டு, சில்லைப் போட்டு, ஒற்றைக் காலில் அந்தக் கோணல் கட்டத்தைத் தாண்டி, கடைசிக் கட்டத்தில் நின்றுகொண்டு, இந்த வீட்டை விட்டு வாருங்கள் என்று உன் வாயால் சொல். சொல்ல முடிந்தால் மறுநாளே மூட்டை கட்டுகிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா கல்பகம்

(அப்பா இப்போதுதான் படித்துப் பார்த்தார். அரிசி விஷயத்தை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை.)